மும்பையில் விருந்தாளிகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டதும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் ஊரிலிருந்து அத்தையும் சித்தப்பாவும் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் நீங்களும் ‘கேட்வே, எலிஃபண்டா, ஹாஜி அலி’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். இடம் மட்டும் எழுதினால் போதாது; கிழமையும் நேரமும் சேர்த்து எழுதுங்கள்.

திங்கட்கிழமை எலிஃபண்டா குகைகளுக்கு விடுமுறை. சரி, கன்ஹேரி குகைகளையாவது பார்க்கட்டும் என்று போரிவலிக்கு அனுப்பினால், குகைகள் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் திங்களன்று பூட்டித்தான் கிடக்கும். ஞாயிறு என்றால் லோக்கல் ரயிலில் மெகா பிளாக். பராமரிப்பு வேலைக்காகப் பகலில் சில தடங்களை நிறுத்திவிடுவார்கள். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் தடத்தில் விட்டால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. சனிக்கிழமையே அறிவிப்பைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். செவ்வாயன்று சித்திவிநாயகர் கோயிலுக்கு முதியவர்களை அனுப்பாதீர்கள், வரிசை நகராது.

எலிஃபண்டா தீவுக்குக் கேட்வே ஆஃப் இந்தியா வளைவிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். காலைப் படகைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் மேலே போய்விடலாம். குகைக்கு நூற்றுக்கு மேல் படிகள் உண்டு என்பதை முட்டி வலிக்காரர்களிடம் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். தின்பண்டப் பை கையில் தொங்கினால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். கேட்வேயைப் படம் எடுப்பது திரும்பி வந்தபின் இருக்கட்டும். காலையில் சூரியன் வளைவுக்குப் பின்னால், கடல் பக்கம் நிற்கும், முகமெல்லாம் கறுத்துவிடும். பிற்பகலில் வெளிச்சம் நேராகக் கல்லில் விழும். அப்படியே ஓவல் மைதானம் வழியாகக் கடலோரச் சாலையான மரைன் டிரைவுக்கு நடந்தால் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். மைதானத்தின் கிழக்கே விக்டோரியன் கோதிக் பாணிக் கட்டடங்கள், மேற்கே ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்கள். இரண்டும் சேர்ந்து 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. மும்பைக்காரர்களே பாதிப் பேர் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஹாஜி அலிக்குக் கடல் அனுமதி தர வேண்டும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறினால் தர்காவுக்குப் போகும் பாதை மூழ்கிவிடும். ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறும். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தாநாள் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் உயரும். மழைக்காலத்தில் ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களில் மரைன் டிரைவ் சுவரில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது.

இனி லோக்கல் ரயில். காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் நெரிசல். விருந்தாளிகள் பதினொரு மணிக்குக் கிளம்பட்டும். நான்குக்குள் திரும்பட்டும், இல்லாவிட்டால் ஒன்பதுக்கு மேல். அந்தேரி போக வேண்டியவர் மாலையில் அந்தேரியைத் தாண்டி விரார் வரை போகும் ‘விரார் ஃபாஸ்ட்’ வண்டியில் ஏறினால் வாசலை நெருங்கவே முடியாது. சயான், மாஹிமுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது, டாக்ஸிதான்; இது தெரியாமல் கொலாபாவில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பவர்கள் உண்டு.

வீட்டு முகவரியோடு ஸ்டேஷன் பெயரையும் மராத்தியில் எழுதி அவர்கள் சட்டைப்பையில் வையுங்கள். எந்த லைன் என்பதையும் எழுதுங்கள். மாட்டுங்கா சென்ட்ரலில் இருக்கிறது, மாட்டுங்கா ரோடு வெஸ்டர்னில்.