கோவில் ஒலிபெருக்கியில் இந்த எண்ணையும் சொல்லுங்கள்

குமரி மாவட்டக் கடலோர ஊர்களின் பங்குத்தந்தையருக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்குச் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு வந்தது. காக்கிச் சட்டை அணிந்த ஒருவர். அவருக்குப் பின்னால் அசோகச் சின்னம். வளைகுடாவில் இருக்கும் கணவரின் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாம். "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது." அடுப்பில் மீன்குழம்பு கருகும் வாடை எங்கள் வீடுவரை வந்தது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைக்கவில்லை. மாடி கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம் சாயங்காலத்துக்குள் மூன்று தவணையாகப் போய்விட்டது.

காணொளி அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். அந்தப் பேச்சு அக்காவின் காதுக்கு எட்டவில்லை.

என் மனத்தை அறுப்பது பணம் போனது மட்டும் அல்ல. அவர் ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. "படித்தவள் இப்படி ஏமாறுவாளா என்று ஊர் கேட்குமே" என்று அழுதார். இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐ அன்றைக்கே அழைத்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது. திருடர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. சில நிமிடங்களிலேயே கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி எடுத்துவிடுகிறார்கள். ஒன்பது நாள் கழித்து நாகர்கோவிலுக்குப் போய்ப் புகார் கொடுத்தபோது, மீட்பதற்கு அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஒன்பது நாளைத் தின்றது வெட்கம். அந்த வெட்கத்தைக் கொடுத்தது நாம்தான்.

கள்ளக்கடல், அதாவது திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறும் எச்சரிக்கை வந்தால் கோவில் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். வள்ளங்களை மேட்டில் ஏற்றி வைக்கிறோம். வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பும் குரல் பதிவுகள் நூறு வந்தாலும், கோவிலில் சொன்னார்களா என்றுதான் ஊர் கேட்கிறது. அந்த நம்பிக்கையை இதற்கும் பயன்படுத்துங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது 1930 என்று சொல்லுங்கள். ஏமாந்தவர் மேல் குற்றமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு எடை உண்டு. பேரவையில் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, புகார் கொடுக்கத் துணைக்குப் போக நியமியுங்கள்.

இளைஞர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை அறிமுகமில்லாதவருக்குக் கொடுப்பவன், இதேபோல் இன்னொரு அக்காவின் பணம் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டுகிறான். வழக்கிலும் அவன்தான் முதலில் மாட்டுவான்.

அக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். எந்த ஊர் அன்பியம் அழைத்தாலும் நாங்கள் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி