சின்னவனின் நெஞ்சும் சோயாப் பாலும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள முத்து,

இங்கே அனைவரும் நலம். அக்காவின் மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் பிழைதான்.

நம் தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலின் மகன் சின்னவனுக்குச் சென்ற மாதம் மாரடைப்பு வந்தது. வயது 41. செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஆலை வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தவனை, பின்னால் வந்த ஓட்டுநர்தான் இறக்கிப் படுக்க வைத்தாராம். ஈப்போ மருத்துவமனையில், அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். புகைப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது சிகரெட்டை மட்டும் ஒப்புக்கொண்டவன், பல ஆண்டுகளாக இரவுதோறும் இழுத்துவந்த கஞ்சாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி அதை உட்கொள்வதே குற்றம் என்பதால், பயம் அவன் வாயைக் கட்டிவிட்டது.

இந்த நேரத்தில்தான், கஞ்சாவின் கேட்டைச் சோயா முறிக்கும் என்று நீ அனுப்பிய செய்தி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் அம்மா பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சோயாப் பால் பொட்டலங்களாக வாங்கிக் குவிக்கிறார். ரப்பர் வளையம் போட்ட பையில் உறிஞ்சுகுழலைச் செருகிக்கொண்டே, "இதைக் குடித்தால் அது ஒன்றும் செய்யாதாமே, அண்ணே" என்று அவன் கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. நீ நல்லெண்ணத்தில்தான் அனுப்பினாய். ஆனால் நண்பா, அனுப்புவதற்கு முன் முழுவதையும் படித்திருக்கலாம்.

நான் படித்தேன். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'செல்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் அந்தச் செய்திக்கு அடிப்படை. பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரின் உடல்நலத் தரவுகளை அவர்கள் அலசினார்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும், பலருக்கு 50 வயதுக்கு முன்பாகவும் வந்திருந்தது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி, இரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களில் உள்ள சிபி1 என்னும் ஏற்பியை, அதாவது வேதிச் செய்திகளை வாங்கும் புரதத்தைப், பிடித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது. எலிகளில் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு பெருகியது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து டிஎச்சிக்கு இடம் விடாமல் தடுத்தது. இதே ஏற்பியை அடைக்கும் ரிமோனபான்ட் என்ற மருந்து ஐரோப்பாவில் 2006இல் உடல் பருமனுக்காக வந்து, மூளையையும் பாதித்து மனச்சோர்வைத் தந்ததால் 2008இல் விலக்கப்பட்டது. ஜெனிஸ்டீன் மூளைக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை என்பதால்தான் அவர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை பிறந்தது. நல்ல நம்பிக்கைதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர்கள் சோதித்தது எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலும். கஞ்சா புகைக்கும் மனிதனுக்குச் சோயாப் பால் கொடுத்து, அவன் இதயம் காப்பாற்றப்பட்டதா என்று அந்த ஆய்வில் யாரும் பார்க்கவில்லை. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் சோயாப் பாலும் நல்ல உணவுகள். அவற்றை மருந்தாக நம்பிச் சின்னவன் மறுபடி புகைப்பதுதான் என் அச்சம்.

இன்னொன்றையும் கேள். 2024இல் வெளிவந்த ஆய்வு, 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை ஆராய்ந்தது. தினமும் கஞ்சா பயன்படுத்துவோரிடம், பயன்படுத்தாதவர்களைவிட மாரடைப்புக்கான வாய்ப்பு 25 விழுக்காடும், பக்கவாதத்துக்கான வாய்ப்பு 42 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. ஒருமுறை கேட்டு எழுதிய கணக்கு என்பதால் கஞ்சாதான் காரணம் என்று அது மட்டுமே நிறுவிவிடாது. ஆனால் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன், கணக்கு உறுதியாகும்வரை புகைத்துக்கொண்டு காத்திருக்கலாமா?

என் பேச்சு அவனிடம் எடுபடவில்லை. அண்ணே என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறான். லோரி ஓட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. கிளச்சை எரித்த அன்று ஊரே திட்டியபோது, நீ மட்டும்தான் அவனைத் திட்டவில்லை. அதை இன்றும் அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அடுத்த வியாழக்கிழமை காலையில் அவனுக்கு மறுபரிசோதனை. புதன் இரவே வந்து என் வீட்டில் தங்கு. காலையில் நீ அவனோடு ஈப்போவுக்குப் போ. கஞ்சாவைப் பற்றி மருத்துவரிடம் அவன் வாயாலேயே சொல்லும்வரை பக்கத்தில் இரு. அந்தச் செய்தியை நீ அனுப்பிய மற்றவர்களுக்கும், எலிகளைப் பற்றிய அந்த வரியைச் சேர்த்து இன்றே எழுதிவிடு.

உன் வரவை எதிர்பார்த்து,
ராசு