ஒரே சீட்டில் ஐந்து நகை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் இலங்கையின் இந்த 2022 பொருளாதார நெருக்கடிக் காலச் சிக்கனம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தேநீருக்குச் சீனியைக் குறையுங்கள், கடன் வாங்காதீர்கள், மிச்சக் காசை நிலையான வைப்பில் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல புத்திதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் சீனி குறைந்து எட்டு மாதமாகிறது. மிச்சக் காசு, கனடாவில் பிள்ளை இருக்கிற இரண்டு வீட்டைத் தவிர, யாரிடமும் இல்லை. மற்றவர்களிடம் இருப்பது நகை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் 29 வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். பெரும்பகுதி அடைவுப் பகுதியில், அதாவது நகையை அடகு பிடித்துக் கடன் கொடுக்கிற இடத்தில். உரைகல்லும் தராசும் என் மேசையில்தான் இருந்தன. வெங்காயம் நடுகிற காலத்தில் காப்பும் சங்கிலியும் உள்ளே வரும், கிண்டி விற்றதும் வெளியே போகும். ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவுக்குத் தோடு வரும். எந்த நகை எந்த மாதம் வரும் என்று பேரேட்டைப் பார்க்காமலே சொல்லுவேன். இந்த வருடம் அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது என்று இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். போனது திரும்பி வரவில்லை. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் படகு ஓட்டித் தினமும் கடலுக்குப் போகிறவன் அதற்குப் பிறகு எதைக் கொண்டு நகையை மீட்பான்?

முதலில் அந்த நிலையான வைப்பு. வங்கிகள் இந்த 2022 இல் 20 சதவீதத்துக்கு மேல் தருகின்றன, உண்மை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். விலை இதே வேகத்தில் ஏறினால் இன்றைக்கு 100 ரூபாவுக்கு வாங்குகிற சாமான் அடுத்த வருடம் 170 ரூபா. வைப்பில் போட்டவர் கையில் 120 சொச்சம். என்னுடைய சேமலாப நிதிக் காசை நான் 2021 இல் ஐந்தரை சதவீதத்துக்குப் போட்டேன், அந்தக் கதையை விடுங்கள். வைப்பில் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையணைக்குள் வைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதைச் சேமிப்பு வளர்கிறது என்று எழுதாதீர்கள். கொஞ்சம் மெதுவாகக் கரைகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கைமாற்று. போன வருடம் நத்தாருக்குப் பிறகு என் தங்கையின் மகனுக்கு 2 இலட்சம் ரூபா கொடுத்தேன், ஓட்டோவின் வேலைகளுக்கு. பெறாமகனிடம் வட்டி வாங்குகிற ஆள் நானில்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று நிறுத்தினார்கள் அல்லவா, ஓட்டோ முற்றத்தில் நின்றது. ஜூலை முதல் கிழமை அதை விற்றுப்போட்டு 2 இலட்சத்தையும் கொண்டுவந்து தந்தான். "கணக்குச் சரிதானே பெரியம்மா?" என்றான். சரி தம்பி என்று சொல்லி வாங்கி வைத்தேன். இரவு நித்திரை வரவில்லை. அவன் ஓட்டோக்காரன் என்பதால் பெற்றோலிலேயே கணக்குப் பார்த்தேன். நான் கொடுத்தபோது லீற்றர் 177 ரூபா. அவன் தந்தபோது 470. கொடுத்தது 1,130 லீற்றர், திரும்பி வந்தது 425. பெடியனில் ஒரு பிழையும் இல்லை. அவனுக்கு ஓட்டோவே போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. போன வருடம் செப்ரெம்பரில் அவரின் மச்சாள் வெங்காயத்துக்குக் காசு கேட்டு வந்தபோது, காசு இல்லை, இந்தா இரண்டு காப்பு, அடைவு வைத்து எடு என்று கொடுத்தார். மச்சாள் 12 சதவீத வட்டிக்கு வைத்து, இந்த ஓகஸ்டில் மீட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்குக் காப்பு அதே நிறையில் வந்தது. மச்சாள் அன்றைய ரூபாவில் எடுத்த கடனை இன்றைய ரூபாவில் கட்டினார். நட்டம் வங்கிக்குத்தான்! நான் வங்கிக்காரி, சிரிக்கக்கூடாது. ஆனாலும் எங்கள் பாட்டிமார் ஒரு கொத்து அரிசி கொடுத்தால் ஒரு கொத்து அரிசியாகவே வாங்கினது ஏன் என்று எனக்கு 63 வயதில்தான் விளங்கியது.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஓடிப்போய் அடைவு வைக்கவும் கூடாது. அது பழைய வட்டி. ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, அடைவு வட்டியும் பின்னாலேயே ஏறிவிட்டது. இன்னொரு பொறி இருக்கிறது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதும் தங்கப் பவுண் விலையும் ஏறியது, ஒரு பவுணுக்கு அடைவில் கொடுக்கிற காசும் ஏறியது. ஏற்கெனவே அடைவில் இருக்கிற சங்கிலியை மீட்டதாக எழுதி, அதே நிமிடம் மறுபடி வைத்து, மேலதிகக் காசை எடுக்கிறார்கள். கையில் காசு வருவதால் இலாபம் மாதிரி இருக்கும். சங்கிலி ஒரு மஞ்சாடி நிறைகூட வளரவில்லை, கடன்தான் வளர்ந்தது, அதுவும் புது வட்டியில். கொடுக்கிற முழுத் தொகையையும் எடுக்காதீர்கள். தேவை 40 ஆயிரம் என்றால் 40 ஆயிரம் மட்டும்.

இனி நான் செய்த ஒரு பிழை. ஒரு அம்மா ஐந்து நகை கொண்டுவந்தால் ஐந்தையும் ஒரே அடைவுச் சீட்டில் எழுதுவோம். எங்களுக்கு எழுத்து வேலை குறைவு. ஆனால் ஒரே சீட்டென்றால் முழுக் காசையும் கட்டித்தான் ஐந்தையும் எடுக்கலாம், ஒன்றைத் தனியாக எடுக்க முடியாது. மகளின் சாமத்தியவீட்டுக்குத் தோட்டை மட்டும் மீட்கக் காசோடு வந்த ஒரு தாயை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சீட்டு பிறகு ஏலத்துக்குப் போனது, ஐந்தும் போனது. அந்த இலக்கம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே வாசகர்களே, ஒவ்வொரு நகைக்கும் தனிச் சீட்டுக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சங்க நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: பழைய சீட்டுகளைப் பிரித்து எழுத இந்த வருடம் மட்டுமாவது இடம் கொடுங்கள். வட்டியைக் கட்டி வருகிறவர்களின் நகையை ஏலத்துக்கு விடாதீர்கள்.

ஜூலையில் நானே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று இரண்டு காப்பு வைத்தேன். தனித்தனிச் சீட்டுக் கேட்டபோது, நான் வேலை பழக்கிய பிள்ளைதான், "மிஸ், நீங்களுமா?" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதித் தந்தாள். தைப்பொங்கலுக்கு முன் சின்னக் காப்பை மீட்கலாம் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமிய வங்கி எழுதுவினைஞர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.
நவம்பர் 2022