ஆழிப்பேரலை நினைவுத் தோட்டம்: பணி நிறைவு அறிக்கை

ஊராருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2004 டிசம்பர் 26-இல் நாம் பறிகொடுத்தவர்களுக்காக ஊர்ப் பொது நிலத்தில் அமைத்த தோட்டம், இருபதாம் ஆண்டு நினைவு நாளன்று திறக்கப்பட்டது. சீமைக்கருவேலம் அகற்றியது, கம்பிவேலி, கைப்பம்பு, நடைபாதை, கல் இருக்கைகள் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

மதிப்பீடு ரூ.8,50,000. செலவு ரூ.10,12,000. கூடுதலான ரூ.1,62,000 எங்கே போனது என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேச்சு நடக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். அதில் ரூ.44,000 பெயர்க் கல்லுக்கு, மீதி ரூ.1,18,000 மண்ணுக்கு.

நம் மனை வெறும் கடல் மணல். குளத்து வண்டல் கொட்டினால்தான் கன்று பிடிக்கும். லோடு ரூ.2,500 வீதம் 60 லோடு நல்ல தண்ணீர்க் குளத்து வண்டல் என்று பேசி, ஒப்பந்ததாரரிடம் ரூ.60,000 முன்பணம் கொடுத்தோம். வந்த மண் கறுப்பாக, வண்டல் போலவேதான் இருந்தது. நட்ட சில வாரங்களில் மகிழமும் கொன்றையும் இலை நுனி கருகி உதிர்ந்தன. வெயில் ஏறியதும் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நம் ஊர்ப் பெண்கள்தான் முதலில் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறது என்றார்கள். மண் பரிசோதனை நிலைய அறிக்கையும் அதையே சொன்னது. விசாரித்ததில், கைவிடப்பட்ட இறால் குட்டையில் அள்ளிய மண் அது என்று லோடு அடித்த டிரைவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்ததாரர் ஒப்புக்கொள்ளவில்லை. “கடலோரத்தில் உப்பு இல்லாமல் என்ன இருக்கும்?” என்று கேட்டார். பாக்கி ரூ.90,000 தந்தே ஆக வேண்டும் என்று ஆட்களோடு வந்து நின்றார். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் நாட்டார் கூடத்தில் இரண்டு முறை பேசினோம். கடைசியில், பாக்கியை அவர் கேட்கக் கூடாது, முன்பணத்தை நாம் கேட்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தானது. கேஸ் போட்டிருக்கலாமே என்கிறார்கள். போட்டிருந்தால் கேஸ் முடியும்வரை அந்த மண்ணைத் தொட முடியாமல் போயிருக்கும். மழைக்கு முன் நடவும் முடிந்திருக்காது. உப்பு மண்ணை எந்திரம் வைத்து அள்ளி, புது வண்டல் கொட்ட ரூ.2,08,000 ஆனது. கொடுக்காத பாக்கி ரூ.90,000-ஐக் கழித்தால் கூடுதல் ரூ.1,18,000. ஒவ்வொரு லோடுக்கும் ரசீது இருக்கிறது. இந்த முறை குளத்துக்கே ஆள் அனுப்பி, மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே லாரி ஏற்றினோம்.

அந்த உப்பு மண்ணிலும் வாடாமல் நின்றவை புன்னையும் பூவரசும் தாழையும். நெய்தல் நிலத்துக்குப் புன்னையையும் தாழையையும் சங்கப் பாடல்கள் சும்மா பாடவில்லை. அதனால் மறு நடவில் புன்னையைக் கூட்டினோம். புங்கன், வன்னி, நுணா, நொச்சி உள்ளே. கடல் பக்கம் அடம்பங்கொடியும் பனங்கொட்டையும். சீக்கிரம் வளரும் சவுக்கையே வைத்திருக்கலாம் என்றவர்களுக்கு: 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளை என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். கோனோகார்பஸ் கேட்டவர்களும் உண்டு. அது அயல்நாட்டு மரம். குஜராத் அரசு 2023-லேயே தடை செய்துவிட்டது. புன்னை நிழல் தர வருஷங்கள் ஆகும். ஆகட்டும். நம் பேரப்பிள்ளைகள் உட்காரட்டும்.

பெயர்க் கல் பற்றி. முதலில் சிறிய கல்தான் திட்டம். உடல் கிடைக்காதவர்கள், அன்று சந்தைக்கு வந்த இடத்தில் அலையில் போன வெளியூர்க்காரர்கள், பெயர் வைக்கும் முன்பே போன கைக்குழந்தைகள், யாரையும் விட மனம் வரவில்லை. குழந்தைகளைத் தாயின் பெயரோடு சேர்த்துப் பொறித்தோம். கல் பெரிதானது. இந்த ரூ.44,000-க்குக் குழு எங்கும் தலைகுனியாது.

நன்கொடையாளர் பெயரை இருக்கைகளில் போடவில்லை என்று சிலருக்கு வருத்தம். அலையில் போனவர்கள் பெயர் மட்டும் அங்கே இருக்கட்டும் என்பது குழுவின் முடிவு. நன்றியை இங்கே சொல்கிறோம்: கீழத்தெரு வலைக்கடைக் குடும்பத்தார், சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், விசைப்படகு உரிமையாளர்கள், ஒரு நாள் மீன்பாட்டை அப்படியே கொடுத்த ஃபைபர் படகுத் தொழிலாளர்கள், மீன் விற்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்கள், ஐஸ் பெட்டிக்காரர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, புன்னங்கன்றுகளை இலவசமாகத் தந்த பக்கத்து ஊர் நாற்றங்கால்காரர், கல்லைக் கூலி வாங்காமல் நட்டுக் கொடுத்த கொத்தனார்கள், உண்டியல் உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள். அனைவர் பெயரும் தொகையும் நாட்டார் கூடத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

தோட்டத்துக்குள் ஒலிபெருக்கி, பிளெக்ஸ், பிறந்தநாள் போட்டோ வேண்டாம். ஆட்டை அவிழ்த்துவிடுபவர்கள் வேலிக் கதவைச் சாத்திவிட்டுப் போகவும்.

வசூல் ரூ.10,30,000, கையிருப்பு ரூ.18,000. கோடையில் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு அது போதாது. தெருவுக்கு ஒரு வாரம் என முறை போட்டிருக்கிறோம். மேலத்தெரு முதலில் தொடங்குகிறது. கணக்குப் புத்தகத்தை ஞாயிறு காலையில் யாரும் வந்து பார்க்கலாம்.

தோட்டப் பணிக் குழு