2028 வரை யார் காத்திருப்பது?

ஆசிரியருக்கு,

1982இல் அர்ஜென்டினாவுடன் பிரிட்டன் நடத்திய ஃபாக்லாந்து போருக்குப் போனவன் நான். இப்போது எனக்குப் பார்கின்சன், மனைவிக்கு மறதி நோய், சட்டைப் பொத்தானைக்கூட மகள்தான் வந்து போட்டுவிடுகிறாள். இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் முதுமையில் தேவைப்படும் பராமரிப்புச் செலவு முழுக்க நம் தலையில்தான். ஒருவர் வாழ்நாளில் இதற்குக் கையிலிருந்து கட்டும் தொகைக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வைப்பதாகச் சொன்ன கன்சர்வேடிவ் அரசு தள்ளித் தள்ளிப் போட்டது, 2024 ஜூலையில் வந்த லேபர் அரசு அதே மாதம் அதைக் கைவிட்டது, கூடவே முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையிலும் கை வைத்து, அப்புறம் எதிர்ப்பைப் பார்த்து 2025இல் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்தது. சரி, பராமரிப்புக்கு? பிரபுக்கள் சபை உறுப்பினர் லூயிஸ் கேஸி தலைமையில் ஆணையம், இறுதி அறிக்கை 2028இல்! போரில் இறந்தவர்களின் நினைவு தினத்தன்று சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொண்டு வர மட்டும் எந்தக் கட்சியும் மறப்பதில்லை. 2010இலிருந்து அசையாமல் நிற்கும் அந்த 23,250 பவுண்டு வரம்பையாவது இப்போதே உயர்த்தட்டும்.

முன்னாள் படைவீரர், போர்ட்ஸ்மத்