இடது பக்கத்து வார்

ரங்கூன்,
ஐப்பசி

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். மழை விட்டுவிட்டது. கடையில் தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணி வந்து குவிந்து கிடக்கிறது. கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் அம்மா பழைய கால்மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்திருக்கிறாள். சித்தப்பா விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது. நீ எங்களோடு பேசி மூன்று மாதம் ஆகிறது.

தங்கைக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கிளாஸ்கோவில் ஏதோ படிக்கட்டில், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றும் அந்த மடிப்பு வைத்த கம்பளிக் கில்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். "இப்போ தினமும் இதுதான், பேன்ட்டே போடுவதில்லை" என்று கீழே ஒரு வரி. ஏதாவது கல்யாண வீட்டுக்குப் போட்டிருப்பான் என்றாள் அம்மா. என் கண் 'தினமும்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

நான் வேண்டாம் என்று சொல்லப்போவதாக நினைக்காதே. இந்த ஊரில் ஆபீஸ் அதிகாரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவரும் கைலியில்தான் போகிறார்கள். நீயே பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாகப் பள்ளிக்கூடம் போனவன். அந்தக் காலத்துப் பர்மிய ஆண்கள் இடுப்பில் சுற்றிய பசோ 30 அடி நீளம். இரண்டு மீட்டர் துணியை மூட்டித் தைத்த கைலி அதன் இடத்தைப் பிடித்தது வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில்தான். உன் கில்ட்டும் முதலில் உடம்பு முழுக்கச் சுற்றுகிற பெரிய போர்வைதான். 18-ஆம் நூற்றாண்டில் மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1746-இல் அதைக் கட்டக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். பட்டாளத்துக்காரர் தவிர வேறு யார் கட்டினாலும் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-இல்தான் அந்தச் சட்டம் போனது. அதற்குப் பிறகும் பெரும்பாலும் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் உரிய உடையாகவே அது நின்றுவிட்டது. அதைத் தினசரிக்குக் கட்டித் தெருவில் நடக்க மனத்தில் உறுதி வேண்டும். உன்னிடம் அது இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். பெற்றவர்களுக்கு நாலு வரி எழுதவும் அந்த உறுதி வேண்டும்.

தினமும் கட்டுகிறவர்கள் ஏன் கட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. பேன்ட்டில் முன்பக்கம் இரண்டு துண்டு, பின்பக்கம் இரண்டு துண்டு, நாலும் கவட்டையில் ஒரே இடத்தில் வந்து கூடும். நாள் முழுக்க நடப்பவனுக்கும் ஏணி ஏறி இறங்குபவனுக்கும் உரசிப் புண்ணாகிற இடம் அது. கில்ட்டில் அந்தத் தையலே கிடையாது. கீழிருந்து காற்று வந்து போகிறது. ஆணின் விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்று வைத்தியமே சொல்கிறது. இன்னொன்று மழை. பேன்ட் நனைந்தால் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு மாலை வரை காயாது. கில்ட்டில் நனைவது வெறும் முழங்கால், துடைத்தால் தீர்ந்தது. கம்பளி தன் எடையில் கால்பங்குக்கு மேல் ஈரம் குடித்தாலும் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். தொப்புள் மட்டத்தில் வார் பிடிப்பதால் முதுகு தானாக நிமிரும். நடக்கும்போது பின்மடிப்பு அத்தனையும் இடமும் வலமுமாக ஆடும். ஒரு தடவை அந்த ஆட்டம் பழகியவனுக்குப் பேன்ட் விலங்கு மாட்டிய மாதிரி இருக்கும் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் கட்டினால் சரியாகக் கட்ட வேண்டும். எட்டுக் கெஜக் கில்ட் என்பது அகலத் துணியில் நாலு கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுப் போட்டது. கெஜத்துக்கு 16 அவுன்ஸ் துணி என்றால் மொத்தம் 64 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ. நம் பருத்திக் கைலியை அதோடு எடை போட்டே பார்க்க முடியாது. அத்தனையும் மூன்று வாரில் தொங்குகிறது. முன்னால் மடிப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டு, உள் தட்டும் மேல் தட்டும். பின்னால் மட்டும்தான் மடிப்பு, 25 முதல் 30 வரை. மடிப்பை இடுப்பிலிருந்து புட்டம் வரை உள்ளே இழுத்துத் தைத்திருப்பார்கள். மொத்த நீளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு இருக்கும். இடுப்பில் குறுகலாகவும் கீழே போகப் போக அகலமாகவும் வரும் தையல் அது. பேன்ட் மாதிரி இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டினால் குறுகிய இடம் அகன்ற உடம்பில் மாட்டிக்கொள்ளும். மடிப்பு வாய் பிளக்கும், முன் தட்டு விரியும்.

ஆகவே ஜீன்ஸ் லேபிளில் இருக்கும் எண்ணைத் தையல்காரரிடம் கொடுக்காதே. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடு, புட்டத்தின் அகன்ற இடத்தில் சுற்றளவு எடு, தொப்புளிலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரை நீளம் எடு. மூச்சை உள்ளே இழுக்காமல், வேறு ஒருவரைக் கொண்டு எடு. நீயே குனிந்து பார்த்தால் டேப் அரை அங்குலம் இறங்கிவிடும். தைத்து வந்த பிறகு முட்டி போட்டு நிமிர்ந்து நில். கீழ் ஓரம் தரைக்கு ஒரு அங்குலம் மேலே நின்றால் சரி. அதிகமாக இருந்தால் மடித்துத் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. அந்த ஓரம் துணியின் சொந்தக் கரை, மடித்தால் மடிப்பு விழுவது கெட்டுவிடும். மேலே இடுப்புப் பக்கம்தான் நீளம் திருத்த வேண்டும்.

உட்காரும்போது புறங்கையால் பின்மடிப்பைக் கீழ்நோக்கி வழித்துவிட்டு உட்கார். இல்லாவிட்டால் மடிப்பு நசுங்கும், பஸ் சீட்டில் தோல் படும். காரில் முதலில் உட்கார், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடு. உள்ளே பருத்தி ஜட்டி கட்டாயம் போடு. போடக் கூடாது என்று வீம்பு பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே. கம்பளி அரிக்கும், காற்று அடிக்கும். குடித்துவிட்டு வருகிறவர்கள் சிலர் தூக்கிப் பார்க்கக் கை நீட்டுவார்களாம். அப்படி நடந்தால் சிரித்து மழுப்பாதே, அதட்டு. இங்கே ஆம்பிளைகள் பர்ஸைக் கைலி இடுப்பில் பின்னால் செருகிக்கொள்கிறார்கள். உனக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன்தான் பை. பெல்ட் பக்கிளுக்குக் கீழே நாலு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். உன் படத்தில் அது இறங்கிக் கிடக்கிறது.

இரவில் கழற்றியதும் அலமாரியில் அடைக்காதே. கிளிப் ஹேங்கரில் இடுப்புப் பக்கத்தைக் கவ்வித் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டு. இஸ்திரி போடுவதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் நேராக அடுக்கிக் கீழ் ஓரத்தில் நூலோட்டு, ஈரத் துணியை மேலே விரி, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடு, வைத்து எடு. இழுத்துத் தேய்த்தால் கோடு வளையும். கோடையில் எடுத்து வைப்பதாக இருந்தால் சுத்தம் செய்யாமல் வைக்காதே. அந்துப்பூச்சி தேடி வருவது வியர்வையும் சோற்றுக் கறையும் பட்ட இடத்துக்குத்தான். அந்துருண்டை அதற்குப் பிறகுதான்.

இதெல்லாம் எழுத நினைத்தது உண்மை. ஆனால் இதற்காக உட்காரவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு வாரும் சரியான ஓட்டையில் இருக்கிறது. இடது பக்கத்து வார் கடைசி ஓட்டையில் இருக்கிறது. உள் தட்டைத் தாங்கிப் பிடிப்பது அந்த ஒற்றை வார்தான், அதைத்தான் முதலில் இறுக்க வேண்டும். அது தளர்ந்ததால் உள் தட்டு சரிந்து, மேல் தட்டுக்குக் கீழே அரை விரல் எட்டிப் பார்க்கிறது. இரண்டு வாரை ஒழுங்காகப் பூட்டத் தெரிந்தவன் மூன்றாவதை மறந்து விடுவானா? இடுப்பு ஒரு பக்கம் மட்டும் பருப்பதில்லை. உன் இடது கையும் கில்ட்டுக்கு மேலே, தொடை மடங்கும் இடத்தில் இருக்கிறது.

பேன்ட்டை விட்டதற்கு அதுதான் காரணமா? பேன்ட் இடுப்பும் பெல்ட்டும் அழுத்துவது சரியாக அந்தப் பழைய ஆபரேஷன் தழும்பின் பக்கத்தில். கில்ட் அதற்கு மேலே ஏறி நிற்பதால் இதமாக இருக்கும், அது எனக்குத் தெரியும். இதமாக இருப்பதற்காகக் கட்டு, தாராளமாகக் கட்டு. ஆனால் வலியை மறைப்பதற்காகக் கட்டாதே. தைத்த குடலிறக்கம் பல வருஷம் கழித்தும் திரும்ப வரலாம். நின்று இருமிப் பார். அந்த இடத்தில் கை வைத்தால் முட்டிக்கொண்டு வருகிறதா, படுத்தால் உள்ளே போகிறதா என்று பார். போனால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. போகாமல் கல்லாக நின்று, வலித்து, வாந்தியும் வந்தால் வாரம் நாள் பார்க்காதே, அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அதுவரை மூட்டை தூக்காதே, மலச்சிக்கல் வர விடாதே. வேலை செய்கிற இடத்தில் சொல்லிவிடு. சொல்ல வெட்கப்படாதே.

சொல்லாதே என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். உனக்கு 14 வயது. அந்த வருஷமும் தீபாவளிக்கு முன்னால் இதே மாதிரிக் கடை நிறைய வேலை. இதே இடத்தில் கை வைத்துக்கொண்டு "இங்க வலிக்குதுப்பா" என்று நீ சொன்னாய். வளர்கிற பையனுக்கு வலிக்கத்தான் செய்யும், ஆம்பிளை இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்றேன். நாலு மாதம் உன்னைத்தான் மார்க்கெட்டிலிருந்து துணிக்கட்டு தூக்கிவர அனுப்பினேன். நீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததை மிஷினில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். ஒருத்தன் தோள் இறங்கியிருந்தால் சட்டை அளவில் கண்டுபிடிக்கிறவன் நான். என் மகன் சாய்ந்து நடப்பது எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் வேலை முடியட்டும் என்று இருந்தேன். குடல் சிக்கிக்கொண்ட அந்த ராத்திரி, "இன்னைக்குத்தான் வலிக்குதுன்னு சொன்னான்" என்று அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். நீ கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷமாகவும் பேசவில்லை. அம்மாவுக்கு இன்று வரை தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கேட்கிற உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இந்த ஒரு தடவை மறைக்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடிதம் கிடைத்த அன்று கில்ட்டைச் சரியாகக் கட்டு. முதலில் இடது வார், பிறகு வலது மேல் வார், கடைசியில் வலது கீழ் வாரைப் பட்டும் படாமல். இடது வாரை இறுக்க முடிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. முடியவில்லை என்றால் படம் வேண்டாம், போன் செய். இங்கே நேரம் உங்களைவிட ஆறரை மணி முன்னால் என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. எந்நேரம் அடித்தாலும் நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பின்குறிப்பு: கில்ட் ஊசியை மேல் தட்டில் மட்டும் குத்து. உள் தட்டோடு சேர்த்துக் குத்தினால் காலெடுத்து வைக்கும்போது துணி கிழியும். அம்மாவுக்கு எழுதும்போது அந்த நாலு மாதத்தைப் பற்றி நீ எழுத வேண்டாம். அதை நானே சொல்கிறேன்.