பெரியம்மாவின் நடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விடியவிடியக் கைபேசியில் சுட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் கவலைதான். ஆனால் கேம் விளையாடுவது வேறு, செய்வது வேறு.

அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண் நான். பகலில் அச்சகத்தில் டிடிபி வேலை. இரவில் இரண்டு வருடமாக ஒரு கேம் செய்கிறேன். சண்டை கிடையாது. ஒரு பெண் சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்குள் புகுந்து, ஒற்றையடிப் பாதைகளைத் தேடிப் போவாள். போவதுதான் கேமே. அதனால் அவள் நடை சரியாக அமைய வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, யாரோ ஏற்கெனவே செய்துவைத்த நடை அசைவு ஒன்றை முதலில் அவளுக்குப் பொருத்தினேன். சமதளத்தில் அழகாக நடந்தாள். சரிவில் ஏற்றினால் ஒரு கால் மண்ணில் புதைந்தது, மற்றது அந்தரத்தில் நின்றது. அவள் நகரும் வேகமும் காலசைவும் ஒத்துப்போகாததால், ஊன்றிய பாதம் பாசியில் மிதித்ததுபோல் வழுக்கியது.

அப்புறம்தான் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெரியம்மாவிடம் போனேன். மார்கழிக் குளிர். சில்வர் ஓக் மரத்தடியில் கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, ஏறி இறங்கச் சொன்னேன். “எதுக்குடி, சினிமாவுக்கா?” என்று கேட்டபடி இடுப்பில் கட்டிய பையோடு நான்கு முறை நடந்தார். “ஏறறது நெஞ்சுக்கு வேலை, இறங்கறது முட்டிக்கு வேலை” என்றார்.

அந்த வீடியோவை பிரேம் பிரேமாகப் பார்த்தேன். ஏறும்போது குதிகால் முதலில் படவில்லை, முன்பாதம்தான் ஊன்றுகிறது. உடம்பு முன்னே சாய்கிறது. செங்குத்தான இடத்தில் ஒரு கை தொடையை அழுத்திக்கொள்கிறது. இறங்கும்போது அடி குட்டையாகிறது, முட்டி முழுதாக நீள்வதே இல்லை, பாதம் சற்றுப் பக்கவாட்டில் திரும்புகிறது. இத்தனை வருடம் அவர் பின்னால் நடந்தும் இதில் ஒன்றையும் நான் கவனித்ததில்லை. 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் குதிரை ஓட்டத்தைப் படமெடுத்தார். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணத்தில், ஓவியர்கள் வரைந்ததுபோல் அவை விரிந்திருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. கண்ணை மட்டும் நம்ப முடியாது என்று அன்றே தெரிந்திருக்கிறது.

சரிவுக்கு வழி கணக்கில் இருந்தது. ஒவ்வொரு பிரேமிலும் பாதத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைக் கீழே விட்டுத் தரை எங்கே என்று பார்க்க வேண்டும். பாதத்தை அங்கே வைத்துவிட்டால் தொடை, கெண்டைக்கால், இடுப்பிலிருந்து பாதம்வரை உள்ள தூரம் மூன்றும் ஒரு முக்கோணம். முட்டி எவ்வளவு மடங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். பள்ளியில் வெறுத்த முக்கோணக் கணக்கை என் முப்பத்தோராம் வயதில் ஆசையாகப் போட்டேன்.

உருவங்களைச் செய்து அசைக்க உதவும் பிளெண்டர், அவற்றை வைத்துக் கேம் செய்ய உதவும் கோடோ இரண்டு மென்பொருளும் இலவசம். சேலம் மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு கணினிகளில் இவற்றைப் போட்டு, ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லித்தர நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.